காலநிலை மாற்றமும் அணுமின்சாரமும்: ஒரு காலக்கணக்கு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



ஆயிரம் மெகாவாட் அணு உலை ஒன்று, ஆண்டின் ஐந்தில் நான்கு பங்கு நேரம் முழுத்திறனில் ஓடினால் 700 கோடி யூனிட் மின்சாரம் தரும். அதே 700 கோடி யூனிட்டை நிலக்கரியை எரித்தும் பெறலாம். ஐபிசிசி எனப்படும் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு 2014-ல் முடித்த ஐந்தாம் மதிப்பீட்டு அறிக்கை, ஒவ்வொரு மின்மூலத்துக்கும் தொடக்கம் முதல் இறுதி வரையிலான கரியமில வாயு வெளியீட்டைக் கணக்கிட்டிருக்கிறது. யூனிட்டுக்கு நிலக்கரியில் 820 கிராம், இயற்கை எரிவாயுவில் 490, அணுவில் 12. இவை நடுமதிப்புகள். நிலக்கரிக்கும் அணுவுக்கும் உள்ள வித்தியாசமான 808 கிராமை 700 கோடியால் பெருக்கினால், ஆண்டுக்கு ஏறத்தாழ 56 இலட்சம் டன் வருகிறது. நிலக்கரியின் இடத்தில் ஓர் உலை ஓடினால் காற்றில் கலக்காமல் தடுக்கப்படும் கரியமில வாயு இவ்வளவு.

இந்த எண்ணிலிருந்து இவ்வுரை நிறுவ முற்படும் கருத்து ஒன்றே. 56 இலட்சம் டன் என்பது ஓர் ஆண்டின் பயன். அதைப் பெருக்கவும் குறைக்கவும் வல்லது காலம். உலை தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பயனில் ஓர் ஆண்டு கழிகிறது. நன்றாக ஓடும் உலையை முன்கூட்டியே மூடினாலும் அப்படியே. அணுமின்சாரத்தை ஆதரிப்போர் கரியமில வாயுவைப் பேசுகின்றனர். எதிர்ப்போர் ஆபத்தைப் பேசுகின்றனர். இரண்டும் பேச வேண்டியவையே. ஆனால் காலநிலைக்கு அணுமின்சாரம் எந்த அளவு உதவும் என்ற கேள்விக்குக் காலக்கணக்கைப் பார்க்காமல் விடை கிடைக்காது. அந்தக் கணக்கு இங்கே ஏழு கூறுகளாக விரிக்கப்படுகிறது.

1. அடுப்பும் கரியும்

யுரேனியம்-235 அணுக்கருவை நியூட்ரான் ஒன்று தாக்கும்போது அது பிளந்து வெப்பத்தையும், இரண்டு மூன்று புதிய நியூட்ரான்களையும் வெளிவிடுகிறது. அந்த நியூட்ரான்கள் அடுத்த அணுக்கருக்களைப் பிளக்கின்றன. இந்தத் தொடர்வினையைக் கட்டுக்குள் வைத்து, அதன் வெப்பத்தால் நீரை ஆவியாக்கி, ஆவியால் டர்பைனைச் சுழற்றுவதே அணுமின் நிலையத்தின் வேலை. ஆவி பிறந்த பிறகு அனல்மின் நிலையத்துக்கும் அணுமின் நிலையத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடெல்லாம் அடுப்பில்தான்.

இந்திய நிலக்கரியில் ஓடும் ஆயிரம் மெகாவாட் அனல்மின் நிலையத்துக்கு ஆண்டுக்கு 40 இலட்சம் டன்னுக்கு மேல் நிலக்கரி வேண்டும். ஒரு சரக்கு ரயில் ஏறத்தாழ 4,000 டன் சுமக்கும். ஆக, நாளொன்றுக்கு மூன்று ரயில் நிலக்கரி வந்திறங்க வேண்டும். அதே திறனுள்ள, கூடங்குளத்தில் இருப்பது போன்ற உலைக்கு ஆண்டுக்கு 25 டன் அளவு செறிவூட்டிய யுரேனியம் போதும். சில லாரிகளில் அடங்கிவிடும்.

அணுமின்சாரத்துக்குக் கணக்கில் ஏறும் 12 கிராமும் உலைக்குள் பிறப்பதன்று. யுரேனியச் சுரங்கம், செறிவூட்டும் ஆலை, சிமென்ட், எஃகு ஆகியவற்றின் வழியாக வருவது. அதே அறிக்கையில் நிலத்துக் காற்றாலைக்கு 11 கிராம். கரியை மட்டும் பார்த்தால் அணுவும் காற்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இந்தத் தேர்வில் அணுமின்சாரம் தேறிவிட்டது. இனி அதைப் பற்றி வழக்காடப் பெரிதாக எதுவும் இல்லை.

2. கட்டும் காலம்

விரைவாகக் கட்ட முடியும் என்பதற்கு உலகில் பெரிய சான்று பிரான்ஸ். 1973-ன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1974 மார்ச்சில் பிரதமர் பியர் மெஸ்மர் பெருமளவில் அணு உலைகள் கட்டும் திட்டத்தை அறிவித்தார். அரசு மின் நிறுவனம் ஒன்று, உலை செய்யும் நிறுவனம் ஒன்று, சில வடிவங்கள் மட்டும். அவையே மீண்டும் மீண்டும் கட்டப்பட்டன. ஒரு தளத்தில் பற்றவைப்பு கற்ற தொழிலாளி அடுத்த தளத்துக்குப் போய் அதே வேலையைச் செய்தார். 1990 வாக்கில் நாட்டின் மின்சாரத்தில் முக்கால் பங்கு அணுவிலிருந்து வந்தது. அந்தத் திட்டம் காலநிலைக்காகத் தீட்டப்பட்டதன்று. ஆனாலும் ஒரு பெரிய தொழில்நாடு தன் மின்சாரத்திலிருந்து கரியை ஏறத்தாழ நீக்கிய மிக வேகமான நிகழ்வுகளில் அது ஒன்று.

அதே பிரான்ஸ் பின்னர் கட்டிய ஃபிளமான்வில்-3 உலை வேறு கதை. 2007 டிசம்பரில் கட்டுமானம் தொடங்கியது. 2012-ல் முடிய வேண்டும். செலவு 330 கோடி யூரோ என்றார்கள். மின்தொகுப்பில் இணைந்தது 2024 டிசம்பர் 21 அன்று. செலவு 1,300 கோடி யூரோவைக் கடந்தது. பின்லாந்தின் ஓல்கிலுவோத்தோ-3 2005-ல் தொடங்கி 2009-ல் முடிய வேண்டியது. முறையான உற்பத்தி 2023 ஏப்ரலில்தான் தொடங்கியது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வோக்டில் நிலையத்தின் மூன்றாம், நான்காம் உலைகள் 2023-லும் 2024-லும் உற்பத்திக்கு வந்தன. 1,400 கோடி டாலர் என்று தொடங்கிய செலவு 3,000 கோடியைத் தாண்டியது.

தாமதத்தின் காரணங்கள் எங்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இருபது ஆண்டு உலை கட்டாமல் இருந்த நாட்டில் கைத்திறன் மறைந்துபோகிறது. வரைபடம் முழுமை பெறாமலே கான்கிரீட் கொட்டப்படுகிறது. பற்றவைப்பில் குறை கண்டால் பிரித்து மறுபடி செய்ய நேர்கிறது. ஒவ்வோர் உலையும் அந்நாட்டில் அந்த வகையின் முதல் உலையாகவே நிற்கிறது. இவற்றின் மேல் வட்டி ஏறுகிறது. அணுமின்சாரத்தின் செலவில் எரிபொருள் சிறு பங்கு. முதலீடே பெரும் பங்கு. ஒரு யூனிட்கூட விற்காத ஆண்டுகளில் கடன் வளர்ந்துகொண்டே போவதால் காலத் தாமதம் அப்படியே செலவாக மாறுகிறது.

மாறான சான்றும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தின் பராக்கா நிலையத்தில் கொரிய வடிவ உலைகள் நான்கு, 2012-ல் தொடங்கி 2024-க்குள் எல்லாம் உற்பத்திக்கு வந்தன. அந்நாட்டின் மின்தேவையில் கால் பங்கை அவை நிறைவு செய்கின்றன. ஒரே வடிவம், ஒரே தளம், ஒரே அணி என்ற பழைய பிரெஞ்சுப் பாடமே இங்கும் பயன்பட்டது.

தமிழ்நாட்டுக்கு மிக அருகில் இருக்கும் எடுத்துக்காட்டு கூடங்குளம். 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் மிக்கயில் கோர்பச்சேவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். 1991-ல் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போனது. 1998-ல் ரஷ்யாவுடன் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. 2002 மார்ச்சில் முதல் உலைக்குக் கான்கிரீட் கொட்டப்பட்டது. 2007 இறுதியில் முடிய வேண்டும் என்பது திட்டம். தொடர்வினை தொடங்கியது 2013 ஜூலையில். வணிக உற்பத்தி 2014 டிசம்பர் 31 அன்று. ஒப்பந்தம் கையெழுத்தான மாதத்தில் பிறந்த குழந்தைக்கு அன்று வயது 26. திட்டமிட்ட நாளிலிருந்து ஏழு ஆண்டுத் தாமதத்தை 56 இலட்சம் டன்னால் பெருக்கினால் ஏறத்தாழ 4 கோடி டன். அந்த இடைவெளியை நிலக்கரி நிரப்பியது என்று கொண்டால், தாமதத்தின் கரி விலை அது.

சிறிய தொகுதி உலைகள் என்று இப்போது பேசப்படுபவை இந்தச் சிக்கலுக்கே விடையாக முன்வைக்கப்படுகின்றன. தொழிற்சாலையில் செய்து, தளத்தில் பொருத்திவிடலாம் என்பது எண்ணம். ரஷ்யாவின் மிதக்கும் நிலையமும் சீனாவின் வாயுக் குளிர்விப்பு உலையும் ஓடுகின்றன. அமெரிக்காவில் மிகவும் முன்னேறியிருந்த ஒரு திட்டமோ விலை ஏறியதால் 2023 நவம்பரில் கைவிடப்பட்டது. தொழிற்சாலை லாபத்தில் ஓட நூற்றுக்கணக்கான ஆர்டர் வேண்டும். விலை குறையாமல் ஆர்டர் வராது. இந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

3. நாளும் பருவமும்

கூடங்குளத்தின் குவிமாடங்களைச் சுற்றியுள்ள நிலமெங்கும் காற்றாலைகள் நிற்கின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும் தென்மேற்குப் பருவக்காற்று ஆனி, ஆடி மாதங்களில் அவற்றை வேகமாகச் சுழற்றும். அம்மியும் பறக்கும் என்று சொல்லப்படும் ஆடி முடிந்து ஐப்பசி வந்ததும் இறக்கைகள் ஓய்ந்துவிடும். சூரியத்தகடுகள் மதியம் கொழிக்கும். மாலை ஆறரை மணிக்கு, வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் ஒன்றாக ஓடும் நேரத்தில், கையை விரித்துவிடும்.

இந்த ஏற்ற இறக்கத்தில் அணு உலையின் இயல்பு தனியானது. கர்நாடகத்தின் கைகா முதல் உலை 962 நாட்கள் இடைவிடாமல் ஓடி 2018 இறுதியில் நின்றபோது அது உலகச் சாதனையாக இருந்தது. இரவு, மழை, காற்றில்லாத மார்கழி எதுவும் அதைத் தடுக்கவில்லை. அந்த உறுதிக்கு மின்தொகுப்பில் மதிப்பு உண்டு. அணு இல்லாவிட்டால் அதை மின்கலன்களும் நீரேற்று நிலையங்களும் நீண்ட மின்கம்பிகளும் ஈடுகட்ட வேண்டும்.

ஆனால் உலை எப்போதும் ஓடும் என்பதும் முழு உண்மையாகாது. 2022-ல் பிரான்சில் குழாய்களில் அரிப்பு கண்டறியப்பட்டு, ஒரு கட்டத்தில் நாட்டின் உலைகளில் ஏறத்தாழ பாதி நின்றிருந்தன. ஒரே வடிவத்தைப் பல முறை கட்டினால் ஒரே குறையும் பல இடத்தில் வரும் என்பது மெஸ்மர் திட்டத்தின் மறுபக்கம். கோடையில் ரோன், கரோன் ஆறுகளின் நீர் சூடேறும்போது, குளிர்விப்புக்காக அவற்றை நம்பிய உலைகள் உற்பத்தியைக் குறைக்க வேண்டியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் கடலோரத்துக் கிராவ்லின் நிலையத்தில் சொறிமீன் கூட்டம் நீர் வடிகட்டிகளை அடைத்து, நான்கு உலைகளை நிறுத்தியது. வெப்பமாதலைத் தடுக்க வந்த நிலையத்தை வெப்பமாதலும் தாக்கும்.

4. ஓடும் காலம்

நாற்பது ஆண்டுக்கு என்று வடிவமைக்கப்பட்ட உலைகள் பல, உதிரிகள் மாற்றப்பட்டு, சோதிக்கப்பட்டு, அறுபது ஆண்டு ஓட அனுமதி பெற்றிருக்கின்றன. காலக்கணக்கில் மிகவும் மலிவான கரிக்குறைப்பு இது. கட்டும் காலம் கழிந்துவிட்டது, கடன் அடைந்துவிட்டது, இனி ஓடும் ஒவ்வோர் ஆண்டும் முழுப் பயன்.

ஜெர்மனி 2023 ஏப்ரல் 15 அன்று தன் கடைசி மூன்று உலைகளையும் மூடியது. அதே நாடு 2020-ல் இயற்றிய சட்டம் நிலக்கரியை நிறுத்த வைத்திருக்கும் கெடு 2038. காற்றிலும் சூரியனிலும் அந்நாடு செய்த சாதனையை யாரும் மறுக்க முடியாது. ஆயினும் 12 கிராம் அடுப்பை முதலிலும் 820 கிராம் அடுப்பைப் பதினைந்து ஆண்டு கழித்தும் அணைக்கும் வரிசையைக் காலநிலைக் கணக்கால் நியாயப்படுத்த முடியாது. அந்த முடிவின் வேர் செர்னோபில் விபத்துக்குப் பிந்தைய அச்சத்திலும் அரசியலிலும் இருந்தது. கலிபோர்னியாவோ மூடவிருந்த தியாப்லோ கேன்யன் நிலையத்தை 2030 வரை நீட்டிக்க 2022-ல் சட்டம் இயற்றியது. பெல்ஜியமும் இரண்டு உலைகளுக்குப் பத்து ஆண்டு நீட்டிப்பு தந்தது.

5. விபத்தின் காலம்

2004 டிசம்பர் 26 காலையில் கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலை ஓடிக்கொண்டிருந்தது. முதல் உலை பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அந்நிலையத்துக்குக் குளிர்விப்பு நீர், கடலுக்குள் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் நீளும் அடிநிலச் சுரங்கம் வழியாக வருகிறது. ஆழிப்பேரலை அந்தச் சுரங்கம் வழியே ஏறி பம்ப் ஹவுஸில் நீர்மட்டத்தை உயர்த்தியது. பம்புகள் நின்றன. பணியில் இருந்தோர் உலையை நிறுத்தினர். பிளவு நின்ற பிறகும் எரிபொருளில் எஞ்சும் வெப்பத்தைத் தொடர்ந்து வெளியேற்ற வேண்டும். அதற்கான ஏற்பாடுகள் வேலை செய்தன. சில நாட்களில் உலை மீண்டும் ஓடியது. அருகில் ஈனுலைக்காக (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலை) தோண்டிய பள்ளத்தில் கடல் புகுந்தது. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் பறிபோயின.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமாவிலும் உலைகள் ஒழுங்காக நின்றன. அங்கே பொய்த்தது எஞ்சிய வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடு. தாழ்ந்த இடத்தில் வைத்திருந்த டீசல் ஜெனரேட்டர்களை அலை மூழ்கடித்தது. மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். உருகிய எரிபொருளின் ஒரு துணுக்கை வெளியே எடுக்க 2024 நவம்பர் வரை ஆயிற்று. இதைவிடப் பெரிய காலநிலை இழப்பு மற்ற இடங்களில் நேர்ந்தது. ஜப்பானின் உலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தப்பட்டு, 2013 செப்டம்பரிலிருந்து 2015 ஆகஸ்ட் வரை ஓர் உலைகூட ஓடவில்லை. அந்த இடத்தை எரிவாயுவும் நிலக்கரியும் எண்ணெயும் பிடித்தன.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நேரும் உயிரிழப்பைக் கணக்கிட்டால், செர்னோபிலையும் ஃபுகுஷிமாவையும் சேர்த்தும், நிலக்கரிப் புகை அணுவைவிடப் பல நூறு மடங்கு கொடியது. இந்தச் சராசரி அணுமின் நிலையத்துக்கு அருகில் வாழ்வோருக்கு ஆறுதல் தராது. அனல்மின் நிலையத்தின் கேடு நாள்தோறும் சிறுகச் சிறுக, பரவலாக வருகிறது. உலையின் கேடு அரிதாக, ஒரே ஊரின் மேல், ஒரு தலைமுறைக்கு வருகிறது. 2011 செப்டம்பரில் கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரையில் லூர்து மாதா ஆலய வளாகத்தில் திரண்ட மீனவர்களின் கேள்வி இதுவே: கடல் சூடானால் மீன் என்னவாகும், வெளியேறச் சொன்னால் எங்கே போவது? உச்சநீதிமன்றம் 2013 மே 6 அன்று கூடங்குளம் நிலையத்தை அனுமதித்தபோது பாதுகாப்பு குறித்து 15 கட்டளைகளையும் சேர்த்தே விதித்தது. அந்தக் கேள்விகள் 1988-லேயே ஊர்க்கூட்டத்தில் கேட்கப்பட்டு விடை பெற்றிருந்தால், கட்டுமானம் முடியும் தறுவாயில் போராட்டம் எழுந்திருக்காது. மக்கள் நம்பிக்கையும் கட்டி எழுப்பக் காலம் எடுக்கும் ஒரு கட்டுமானம்.

6. கழிவின் காலம்

உலையிலிருந்து எடுக்கும் பயன்படுத்திய எரிபொருளில் சீசியம்-137-ன் அரையாயுள் 30 ஆண்டு; சில நூறு ஆண்டுகளில் அது பெரும்பாலும் தணிந்துவிடும். புளூட்டோனியம்-239-ன் அரையாயுள் 24,100 ஆண்டு. கல்லணைக்கு வயது ஏறத்தாழ 2,000 என்பர். அதைப் போல் பன்னிரண்டு மடங்கு காலம் சென்றாலும் பாதிதான் குறையும்.

எதிர்க் கணக்கும் உண்டு. ஆயிரம் மெகாவாட் உலையின் ஓராண்டுக் கழிவு இருபத்தைந்து முப்பது டன். எங்கே இருக்கிறது என்று கை காட்ட முடியும். அதே மின்சாரத்துக்கு நிலக்கரி வெளிவிடும் 57 இலட்சம் டன்னுக்கு முகவரியே கிடையாது; அதில் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டு காற்றிலேயே இருக்கும். பின்லாந்து ஓல்கிலுவோத்தோவில் 400 மீட்டருக்குக் கீழே, பழம்பாறையில் ஓன்கலோ என்ற நிரந்தரப் புதைகிடங்கைக் குடைந்திருக்கிறது. செம்புக் கலத்தில் அடைத்து, களிமண் சூழப் புதைப்பது அதன் முறை. தொழில்நுட்பமாகத் தீர்வு இல்லாத சிக்கல் இது என்று இனிச் சொல்வதற்கில்லை. ஆனால் அந்த இடத்தை ஆராய்ந்து, உள்ளூராட்சியின் சம்மதம் பெற்றுத் தோண்ட அந்நாட்டுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. இந்தியா பயன்படுத்திய எரிபொருளை மறுசுழற்சி செய்து புளூட்டோனியத்தை ஈனுலையில் எரிப்பதையே கொள்கையாகக் கொண்டிருக்கிறது. அதுவும் ஈனுலையின் கடிகாரத்தை நம்பியே நிற்கிறது.

7. இந்தியாவின் கணக்கு

இந்திய அணுசக்திக்கு ஹோமி பாபா வகுத்த மூன்று கட்டத் திட்டத்தின் இறுதி இலக்கு தோரியம். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட் கனிமம் அதன் ஊற்று. இயற்கை யுரேனியத்தில் ஓடும் கனநீர் உலைகள் முதல் கட்டம், ஈனுலைகள் இரண்டாம் கட்டம், தோரியம் மூன்றாவது. கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலைக்கு 2004-ல் கட்டுமானம் தொடங்கியது. 2010-ல் முடிய வேண்டியிருந்தது. உலையின் உள்ளகத்தை நிரப்பும் பணி 2024 மார்ச்சில்தான் தொடங்கியது. தோரியத்தை இந்தத் தலைமுறையின் காலநிலைத் திட்டத்தில் சேர்ப்பது பொருந்தாது.

தாராப்பூர் அணுமின் நிலையம் 1969-ல் ஓடத் தொடங்கியது முதல் 2025 வரை நாடு எட்டிய அணுமின் திறன் ஏறத்தாழ 8,800 மெகாவாட். சராசரி பார்த்தால் ஆண்டுக்கு 160 மெகாவாட்டுக்குக் கீழே. நாட்டின் மின்சாரத்தில் அணுவின் பங்கு 3 விழுக்காடு. 2025 பிப்ரவரி நிதிநிலை அறிக்கை 2047-க்குள் ஒரு இலட்சம் மெகாவாட் என்று இலக்கு வைத்தது. அதற்கு ஆண்டுக்கு 4,000 மெகாவாட்டுக்கு மேல் சேர வேண்டும். இதுவரையிலான வேகத்தைப் போல் இருபத்தைந்து மடங்கு. சூரியமின்சாரத்தில் 2024-ல் மட்டும் 24,000 மெகாவாட் சேர்ந்தது. சூரியத்தகடு ஒரு மெகாவாட்டுக்கு உலையைப் போல் கால் பங்கு யூனிட்டே தரும் என்பதால் அதை 6,000 மெகாவாட் அணுமின்சாரத்துக்கு இணையாகக் கொள்ளலாம். அப்படிக் குறைத்த பின்னும், அணுவுக்கு 2047 வரை ஆண்டுதோறும் வேண்டிய வேகத்தைச் சூரியன் ஒரே ஆண்டில் கடந்துவிட்டது.

இந்தக் கணக்கிலிருந்து பெறப்படும் முடிவு ஒரு வரிசை. பாதுகாப்புச் சோதனையில் தேறும், ஓடிக்கொண்டிருக்கும் உலைகளை ஓடவிடுவது முதலாவது. கட்டத் தொடங்கியவற்றை முடிப்பது இரண்டாவது. புதியன கட்டுவதானால், ஒன்றிரண்டு வடிவங்களை மட்டும் எடுத்து, ஊரின் சம்மதத்தைக் கான்கிரீட்டுக்கு முன்பே பெற்று, தொடர்ச்சியாகக் கட்டுவது மூன்றாவது. புவி வெப்ப உயர்வு 1.5 பாகை வரம்புக்குள் நிற்க 2010-ன் அளவிலிருந்து 2030-க்குள் கரியமில வாயு வெளியீடு 45 விழுக்காடு குறைய வேண்டும், 2050 வாக்கில் நிகர வெளியீடு பூச்சியமாக வேண்டும் என்று ஐபிசிசி 2018-ல் கூறியது. இவ்விரண்டு கெடுக்களில் அணுமின்சாரம் உதவக்கூடியது இரண்டாவதற்கு. 2040-ல் ஓட வேண்டிய உலைக்கு இந்தப் பத்தாண்டுக்குள் அடித்தளம் விழ வேண்டும். 2030-க்குள் குறைய வேண்டிய கரியை அந்த அடித்தளம் ஒரு டன்கூடக் குறைக்காது.